இந்திய ரக்பி அணிக்கு எப்படிப்பட்ட கேப்டன் வேணும்? கொலிசியை வச்சு ஒரு கேள்வி

வியாசர்பாடி_ஆறாம்நம்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம் இது. இங்க இருக்கறவங்களுக்கு ஆட்டம் தெரியும்கறதால எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நேத்து ராத்திரி 2019 உலகக் கோப்பை ஃபைனலைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். யோகோஹாமா, நவம்பர் 2, தென்னாப்பிரிக்கா 32, இங்கிலாந்து 12. மப்பிம்பி போட்ட ட்ரையும் (எதிர் டீம் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வைக்கறது) கோல்பே போட்டதும் எனக்கு மனப்பாடம். ஆனா தொண்டையை அடைக்கறது அதுக்கெல்லாம் முன்னாடி, தேசிய கீதம் பாடறப்போதான். கோசா, சூலு, செசோதோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம்னு ஒரே பாட்டுல அஞ்சு மொழி. வரிசையோட முனையில தென்னாப்பிரிக்க கேப்டன் சியா கொலிசி. போர்ட் எலிசபெத் பக்கம் ஸ்விடேன்னு ஒரு கறுப்பர் குடியிருப்பு, அங்க பாட்டி வளர்த்த பையன். சின்ன வயசுல ஒரு செலக்‌ஷனுக்கு ரக்பி ஷார்ட்ஸ் வாங்க வழியில்லாம உள்டிராயரோட ஆடினவர். பன்னெண்டு வயசுல உதவித்தொகையில பெரிய ஸ்கூலுக்குப் போனப்போ அவருக்கு ஆங்கிலம் சரியா தெரியாது. அந்தப் பையன்தான் 2018ல ஸ்பிரிங்பாக்ஸோட, அதாவது தென்னாப்பிரிக்க ரக்பி அணியோட, முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன் ஆனார்.

இப்போ நம்ம ஊருக்கு வரேன். நம்ம தேசிய அணிகள்ல ஒடிசா, பீகார், ஹரியானா, மகாராஷ்டிரா, வங்காளம்னு எல்லா இடத்துலேர்ந்தும் ஆட்டக்காரங்க வராங்க. தெற்கேர்ந்து போறவங்க கொஞ்சம்தான். சில வருஷம் முன்னாடி ஒரு முகாமுக்கு நான் போயிருந்தேன். எங்க, எப்போன்னு சொல்லல, அது முக்கியமும் இல்ல. கோச்சிங் முழுக்க இந்தியில நடந்துச்சு. எனக்கு இந்தி வராது. லைன்அவுட்ல, அதாவது வெளிய போன பந்தை உள்ள எறியறப்போ ரெண்டு டீமும் தாவிப் பிடிக்கற இடத்துல, கத்தின கால் (குறிச்சொல்) ஒண்ணு புரியாம தப்பான பக்கம் தாவிட்டேன், பந்து எதிர் டீம் கைக்குப் போயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் என் பேருக்கு நேரா "கவனம் போதாது"ன்னு எழுதியிருந்தாங்க. நான் கவனமாத்தான் இருந்தேன். காதுல விழுந்த சொல்லுக்கு அர்த்தம் தெரியல, அவ்வளவுதான். ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணக்கூட மனசு வரல.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு டீமுக்கு யார் கேப்டனா வந்தா எல்லாருக்கும் "நம்ம ஆளு"ன்னு தோணும்? கேப்டனைத் தேர்ந்தெடுக்கறப்போ அதையும் பார்க்கணுமா, இல்ல ஆட்டத்தை மட்டும் பார்த்தா போதுமா?

29சி_பயணி:

சிஸ்டர், உங்க வருத்தம் புரியுது. ஆனா கேப்டன் விஷயத்துல எனக்கு ஒரே அளவுகோல்தான். பதினஞ்சு பேர்ல யார் இடம் உறுதியோ, யாருக்கு ஆட்டம் நல்லா தெரியுமோ, அவங்கதான். எந்த மாநிலம், எந்த மொழி, எந்த சாதின்னு பார்க்க ஆரம்பிச்சா முடிவே இருக்காது. 28 மாநிலம் இருக்கு. இந்தத் தடவை இவங்க, அடுத்த தடவை அவங்கன்னு முறை வச்சா மாத்துவீங்க?

கொலிசியே 2019 ஆரம்பத்துல ஒரு பேட்டியில, என் நிறத்துக்காக என்னை எடுத்தாங்கன்னு இருந்தா அது எனக்கு வேண்டாம்ங்கற மாதிரி பேசினார். அதுக்கு அவர் ஊர்லயே பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. அவரே அப்படி நினைக்கறப்போ நாம ஏன் அவரை ஒரு அடையாளமா மட்டும் பார்க்கணும்?

ரெஃப்ரி_விசில்:

நான் பதினொரு வருஷமா இங்க லோக்கல் மேட்ச்களுக்கு ரெஃப்ரியா நிக்கறேன். கிரிக்கெட் கேப்டனை மனசுல வச்சுக்கிட்டு ரக்பி கேப்டனைப் பேசக்கூடாது, அதுக்காகத்தான் உள்ள வந்தேன்.

கிரிக்கெட்ல கேப்டன் ஃபீல்டு வைப்பார், பவுலிங் மாத்துவார். ரக்பியில அந்த மாதிரி வேலையில பாதியை கோச் மேல கேலரியில உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்துக்கறார். ஆனா மைதானத்துல ரெஃப்ரிகிட்ட பேசற உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். ஒரு டீம் திரும்பத் திரும்ப ஒரே தப்பைப் பண்ணினா நான் ஆட்டத்தை நிறுத்தி கேப்டனைக் கூப்பிடுவேன். "உங்க பசங்ககிட்ட சொல்லுங்க, அடுத்தது மஞ்சள் அட்டை"ன்னு சொல்லுவேன். கேப்டனுக்கு அதிகபட்சம் அரை நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கற, கோபத்துல இருக்கற பதினாலு பேருக்கு அது போய்ச் சேரணும். அதுல ரெண்டு பேருக்குப் புரியலன்னா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அடுத்த நிமிஷம் வெளிய போவார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

பெனால்டி கிடைச்சா போஸ்ட்டுக்கு உதைக்கறதா, கார்னருக்கு அடிச்சு லைன்அவுட் கேட்கறதா, ஸ்க்ரம் (ரெண்டு டீமும் தோளோட தோள் முட்டி பந்துக்காகத் தள்ளறது) கேட்கறதான்னு முடிவெடுக்கறதும் கேப்டன்தான். 2015ல பிரைட்டன்ல ஜப்பான், தென்னாப்பிரிக்கா மேட்ச். ஜப்பான் 29, அவங்க 32. கடைசி நிமிஷத்துல பெனால்டி. உதைச்சா டிரா. ஜப்பானுக்கு அதுவே திருவிழா மாதிரி. மேல இருந்த கோச் எடி ஜோன்ஸ் மூணு பாயிண்ட் எடுக்கத்தான் விரும்பினார். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார். ஜப்பானோட ஹெஸ்கெத் ஓரத்துல விழுந்து ட்ரை வச்சார், 34-32. அந்த லீச் பொறந்தது நியூசிலாந்துல, அம்மா ஃபிஜிக்காரங்க. பதினஞ்சு வயசுல சப்போரோவுக்குப் படிக்க வந்தவர், 2013ல ஜப்பான் குடியுரிமை வாங்கினார்.

அதனால 29சி அண்ணா சொல்ற "ஆட்டம் தெரியணும்"ங்கறதுக்குள்ளயே, பதினாலு பேருக்கும் சொல்லத் தெரியணும்ங்கறது அடங்கிடுது. ரெண்டையும் பிரிக்க முடியாது.

மஞ்ச_ஜெர்சி:

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். தோனி ராஞ்சிக்காரர். சென்னைக்காரங்க அவரை "தல"ன்னு கூப்பிட்டப்போ எந்த ஊர்னு யாராவது கேட்டாங்களா? எங்க வீட்ல என் பாட்டி, கிரிக்கெட்டே தெரியாது, அவர் அவுட்டானா சாப்பிட மாட்டாங்க. நம்ம மொழி பேசறவரா, நம்ம ஊர்ல பொறந்தவரான்னெல்லாம் கணக்குப் போட்டு வந்த பாசம் இல்ல அது.

டர்பன்_ரிட்டர்ன்:

மஞ்ச ஜெர்சி தம்பி, தோனி மேல எனக்கும் அதே பாசம்தான். ஆனா சென்னை தோனியை ஏத்துக்கிட்டதும் தென்னாப்பிரிக்கா கொலிசியை ஏத்துக்கிட்டதும் ஒரே எடையில நிறுக்க முடியாது. வேலைக்காக நான் டர்பன்ல ரெண்டு வருஷம், ஜோகன்னஸ்பர்க்ல மூணு வருஷம் இருந்தேன். பார்த்ததைச் சொல்றேன்.

அந்தப் பச்சை ஜெர்சி அங்க பல தலைமுறைக்கு வெள்ளைக்காரங்க ஆட்சியோட சின்னமா இருந்தது. கறுப்பர்கள் ஸ்பிரிங்பாக்ஸை எதிர்த்து ஆடற டீமுக்குத்தான் கை தட்டினாங்க. எங்க அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு பெரியவர் காவலுக்கு இருந்தார், அறுபது வயசுக்கு மேல. நியூசிலாந்து வந்தா நியூசிலாந்து, இங்கிலாந்து வந்தா இங்கிலாந்து, அப்படித்தான் நாங்க வளர்ந்தோம்னு என்கிட்ட சொல்லியிருக்கார்.

1995 உலகக் கோப்பை ஃபைனல் எல்லாருக்கும் தெரியும். எல்லிஸ் பார்க்ல நியூசிலாந்தை 15-12னு ஜெயிச்சாங்க. மண்டேலா, கேப்டன் ஃபிரான்சுவா பீனாரோட ஆறாம் நம்பர் ஜெர்சி போட்டுக்கிட்டு வந்து, அவர் கையில கோப்பையைக் கொடுத்தார். அந்தக் காட்சியை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், அந்த நாட்டை அது ஒரு நாளாவது சேர்த்து உட்கார வச்சுது. ஆனா அந்த டீம்ல வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருத்தர்தான். 2007ல பாரிஸ்ல ரெண்டாவது கோப்பை ஜெயிச்ச ஃபைனல்ல, ஆரம்பப் பதினஞ்சுல ஹபானா, பீட்டர்சன்னு ரெண்டு பேர். பன்னெண்டு வருஷத்துல ஒண்ணு ரெண்டாச்சு. 2019 ஃபைனல்ல ஆறு பேர்: கொலிசி, மப்பிம்பி, கோல்பே, ஆம், எம்பொனாம்பி, எம்டவரிரா. இது தானா நடக்கல. 2019க்குள்ள பாதி இடம்னு அவங்க ரக்பி சங்கம் இலக்கு வச்சுது, அதுக்கு எல்லா பக்கமும் திட்டு வாங்குச்சு.

இப்போ கொலிசி கேப்டனா ஆடின முதல் டெஸ்ட் மேட்சுக்கு வரேன். ஜூன் 9, 2018, அதே எல்லிஸ் பார்க். நான் உள்ள இருந்தேன். முதல் இருபது நிமிஷத்துக்குள்ள இங்கிலாந்து 24-3. என் பக்கத்துல ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அவர் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். இந்த மேட்ச் தோத்தா தோல்வி கொலிசி பேர்ல மட்டும் நிக்காது, "கறுப்பர் கையில கொடுத்தா இப்படித்தான்"னு நாளைக்கே பேசுவாங்க. அந்த பாரம் வேற எந்த கேப்டனுக்கும் கிடையாது. கடைசியில 42-39னு ஜெயிச்சாங்க. மறுநாள் காலையில நம்ம காவல்காரப் பெரியவர் சட்டைக்கு மேல பச்சை ஜெர்சி போட்டிருந்தார். புதுசு, மடிப்புகூட கலையல.

29சி அண்ணா, கோச் எராஸ்மஸ் அவரை நிறத்துக்காக எடுக்கல, அது உண்மை. அதுக்கு முன்னாடி கேப்டனா இருந்த வைட்லி, எட்ஸபெத் ரெண்டு பேரும் காயத்துல இருந்தாங்க. கொலிசி கேப் டவுன் டீமான ஸ்டார்மர்ஸை கேப்டனா நல்லா நடத்திக்கிட்டு இருந்தார், சின்னப் பையனா இருந்த காலத்துலேர்ந்து எராஸ்மஸுக்கு அவரைத் தெரியும். தகுதியிலதான் வந்தார். ஆனா வந்ததுக்கு அப்புறம் அது சாதாரண கேப்டன் பதவியா இல்ல. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்.

திருவல்லிக்கேணி_பாய்:

டர்பன் அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. 2024 ஜூலையில புளூம்ஃபான்டீன்ல போர்ச்சுகலோட ஆடினப்போ சல்மான் மூரத் கேப்டனா இறங்கினார். ஸ்பிரிங்பாக்ஸுக்கு கேப்டனான முதல் முஸ்லிம். எங்க தெருவுல ரக்பி பார்க்கறது நானும் என் தம்பியும் மட்டும்தான். ரெண்டு பேரும் விடிய விடிய அதையே பேசிக்கிட்டு இருந்தோம். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 2014ல, டர்பன்ல பொறந்த ஹாஷிம் ஆம்லா அவங்க கிரிக்கெட் டெஸ்ட் கேப்டன் ஆனார். அப்போ எங்க வாப்பா உயிரோட இருந்தார். பேப்பர்ல வந்த படத்தை வெட்டி, கடையில கல்லாப்பெட்டிக்கு மேல ஒட்டினார். தாடியோட ஒரு பையன் பெரிய டீமுக்குத் தலைவனா நிக்கறதைப் பார்க்கறதுல என்ன இருக்குன்னு கேட்கறவங்களுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்தப் படம் இன்னும் அங்கதான் இருக்கு.

எழும்பூர்_ஹாக்கி_ரசிகன்:

ரக்பி எனக்கு அதிகம் தெரியாது. பேரன் சொல்லித்தான் இந்த விவாதத்தைப் படித்தேன். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு ஹாக்கியில் பழைய விடைகள் இருக்கின்றன.

1980, மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். தங்கம். அந்த அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அவர் கீழ் ஆடியவர்களைப் பாருங்கள். சுரிந்தர் சிங் சோதி, வாரணாசியிலிருந்து முகமது ஷாகித், குடகிலிருந்து சோமையா, மெர்வின் பெர்னாண்டஸ், பழங்குடியினரான சில்வானஸ் டுங் டுங், கோல்கீப்பர் பீர் பகதூர் சேத்ரி. அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டு ரேடியோவைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். "நம்ம பாஸ்கரன்" என்று சொல்லும்போது எங்களுக்கு இருந்த உரிமையை என்னால் விளக்க முடியாது. அதே நேரம் சோதி கோல் போட்டபோதும் அவர் எந்த மாநிலம் என்று யாரும் யோசிக்கவில்லை.

அதற்கும் முன்னே ஒருவர் உண்டு. 1928, ஆம்ஸ்டர்டாம், நம் முதல் ஹாக்கித் தங்கம். அணித்தலைவர் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பால் இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக எழுந்து பேசியவர் அவர்தான். முதல் தங்கத்தின் தலைவர் ஓர் ஆதிவாசி என்பது இன்று எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இன்று ரக்பி ஆட வரும் பெண்களுக்கு முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அம்மா.

29சி_பயணி:

ஐயா, பாஸ்கரன் பத்தி எனக்குத் தெரியும், ஜெய்பால் சிங் பத்தித் தெரியாது. நன்றி.

டர்பன் அண்ணா, உங்க ரெண்டும் உண்மைங்கற வாதத்தை யோசிச்சேன். ஆனா எனக்கு ஒரு சங்கடம். ஒரு ஆள் மேல ஒரு நாட்டையே ஏத்தி வைக்கறது அந்த ஆளுக்கு நியாயமா? 2023 உலகக் கோப்பை ஃபைனல்ல கொலிசி மஞ்சள் அட்டை வாங்கி பத்து நிமிஷம் வெளிய உட்கார்ந்தார். அன்னைக்கு நியூசிலாந்து 11, இவங்க 12. ஒரே பாயிண்ட். அந்த பத்து நிமிஷத்துல நியூசிலாந்து ஒரு ட்ரை போட்டு ஜெயிச்சிருந்தா அவரை என்ன பண்ணியிருப்பாங்க? நாளைக்கு நம்ம டீம்ல ஒரு ஒடிசாப் பொண்ணை "பழங்குடி கேப்டன்"னு தலைப்பு போட்டுக் கொண்டாடிட்டு, ரெண்டு மேட்ச் தோத்தா அதே தலைப்பை வச்சு அடிப்பாங்க. அதுக்குத்தான் பயப்படறேன், வேற எதுக்கும் இல்ல.

வியாசர்பாடி_ஆறாம்நம்பர்:

29சி அண்ணா, இந்த பயம் நியாயமானது. எனக்கும் இருக்கு.

பெரியவர் ஐயா, ஜெய்பால் சிங் பத்தி என் டீம் குரூப்ல இன்னைக்கே போட்டுட்டேன்.

முதல் பதிவுல நான் ஒரு விஷயத்தை எழுதாம விட்டுட்டேன். அந்த முகாம்ல "கவனம் போதாது"ன்னு எழுதின மறுநாள் நடந்தது. என் கூட ஒடிசாவிலேர்ந்து ஒரு பொண்ணு, அவளுக்கும் இந்தி அரைகுறைதான். நாங்க ரெண்டு பேரும் தோள்ல தட்டி, விரல் காட்டி ஒரு பாஷை வச்சிருந்தோம். ஒரு தட்டுன்னா முன்னாடி, ரெண்டு தட்டுன்னா பின்னாடி. அந்த முகாம்ல எங்க குழுவுக்கு கேப்டனா போட்டிருந்தது மகாராஷ்டிராப் பொண்ணு ஒருத்தியை. எங்க எல்லாரையும்விட நல்லா ஆடுவா, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அவ நாங்க தட்டிக்கறதைப் பார்த்துட்டா. திட்டப் போறான்னு நினைச்சேன். சாப்பாட்டு நேரத்துல தட்டோட எங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டா, பாதி ஆங்கிலம், பாதி கை ஜாடை. நோட்டுல எழுதிக்கிட்டா.

அன்னைக்கு மதியம் கால் எல்லாத்தையும் மாத்திட்டா. கத்தற சத்தத்துலயும் தெளிவா கேட்கற மாதிரி சின்னச் சின்ன சொல்லா பொறுக்கினா. ஒண்ணு மராத்தி, ஒண்ணு ஒடியா, ரெண்டு மூணு நம்பர். முன் ஜம்ப்புக்கு "வா". தமிழ் "வா". ஹரியானாப் பொண்ணுங்க, பீகார்ப் பொண்ணுங்க எல்லாரும் "வா!"ன்னு கத்திக்கிட்டே என்னைத் தூக்கினாங்க. அந்த அஞ்சு நாள்ல அதுக்கப்புறம் எங்க த்ரோ ஒண்ணுகூட வீணாகல.

அவ என் மாநிலம் இல்ல, என் மொழி இல்ல, என் தெரு மாதிரி தெருவுல வளர்ந்தவளும் இல்ல. ஆனா எனக்கு அவதான் கேப்டன். கொலிசியைப் பார்க்கறப்போ எனக்கு அவ ஞாபகம் வரும். பன்னெண்டு வயசுல புரியாத மொழியில உட்கார்ந்திருந்த பையனுக்கு, டீம்ல யார் முகம் புரியாம இருக்குன்னு தெரியும். அவளுக்கு அப்படி ஒரு அனுபவம் இருந்துச்சான்னு நான் கேட்கல, ஆனா அவளுக்கும் தெரிஞ்சுது. கேப்டனைத் தேடறவங்க அதைத் தேடணும்னுதான் சொல்ல வந்தேன். தலைப்புச் செய்திக்காக யாரையும் தூக்கி வைக்க வேண்டாம் அண்ணா. ஆனா "எல்லாரும் இந்தி கத்துக்கிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு சொல்ற ஒருத்தரை, எவ்வளவு நல்லா ஆடினாலும், கேப்டனா போடக்கூடாது.

ரெஃப்ரி_விசில்:

"வா" நல்ல கால். உதட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்ங்கறதுதான் ஒரே குறை. எதிர் டீம்ல தமிழ்ப் பொண்ணு இருந்தா மாத்திடுங்க.

2019 ஜூன்ல மணிலாவுல நம்ம பெண்கள் அணி, பதினஞ்சு பேர் ஆடற ரக்பியில, முதல் வெற்றி ஜெயிச்சாங்க, ஞாபகம் இருக்கா? சிங்கப்பூரை 21-19. கேப்டன் புனேவைச் சேர்ந்த வாபிஸ் பரூச்சா, பார்சி. ட்ரை போட்டது பீகார் ஸ்வீட்டி குமாரி. கடைசியில பெனால்டியை உதைச்சு ஜெயிக்க வச்சது ஒடிசாவோட சுமித்ரா நாயக். அந்தப் பெனால்டியை யாரை உதைக்க விடறதுங்கற இடத்துலதான் கேப்டனைப் பார்க்கணும்.

மஞ்ச_ஜெர்சி:

அக்கா, "வா" கதையைப் படிச்சுட்டு அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 2025 ஜூன்ல மும்பையில நடந்த ரக்பி பிரீமியர் லீக்ல சென்னை புல்ஸ் முதல் வருஷமே கோப்பை ஜெயிச்சப்போ நான் டிவி முன்னாடி குதிச்சேன். அந்த டீம்ல நம்ம ஊர்ப் பேர் இருந்துச்சு, நம்ம ஊர் ஆட்டக்காரங்க எத்தனை பேர்னு நான் பார்க்கவே இல்ல. இப்போ பார்க்கணும்னு தோணுது.

29சி_பயணி:

சிஸ்டர், கேப்டன் கையில டீமோட மொழி இருக்கணும்ங்கறதை ஒத்துக்கறேன். அதைத் தகுதியில சேர்த்துக்கலாம். மாநிலக் கணக்கு, நிறக் கணக்கு பார்த்து கேப்டன் போடறதை இன்னும் ஒத்துக்க மாட்டேன். டீமுக்குள்ள இடம் கொடுக்கறதுல வேணும்னா இலக்கு வைக்கலாம், டர்பன் அண்ணா சொன்ன ஒண்ணு, ரெண்டு, ஆறு கணக்கு என்னைக் கொஞ்சம் அசைச்சுது. கேப்டன் வேற.

டர்பன்_ரிட்டர்ன்:

டீமுக்குள்ள ஆறு பேர் இல்லாம கேப்டன் எங்கேர்ந்து வருவார் அண்ணா? ஸ்விடேவிலேர்ந்து அந்தப் பெரிய ஸ்கூலுக்கு உதவித்தொகை இல்லாம இருந்திருந்தா? அதைப் பேசணும்னா தனி இழையே வேணும். வியாசர்பாடியில எத்தனை பள்ளிக்கூடத்துல ஓவல் பந்து இருக்கு?

வியாசர்பாடி_ஆறாம்நம்பர்:

எனக்குத் தெரிஞ்சு எதுலயும் இல்ல அண்ணா. நான் ஆட ஆரம்பிச்சது நந்தனம் பக்கம் ஒரு மைதானத்துல, அதுவும் ஒரு பி.டி. டீச்சர் தன் கைக்காசுல பஸ்ஸுக்குக் கொடுத்ததால.

ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்கு மெரினா மணல்ல சின்னப் பசங்களுக்கு டச் ரக்பி (மோதாம, தொட்டு மட்டும் ஆடறது) வைக்கறோம். போன வாரம் பதினாலு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு அசாம் பையன்கள், அப்பா இங்க ஹோட்டல்ல வேலை பார்க்கறார். அவங்க ஓடற வேகத்துக்கு எங்களால ஈடு கொடுக்க முடியல. ஆனா "பாஸ்"ஸத் தவிர நாங்க சொல்றது ஒண்ணும் புரியல அவங்களுக்கு. அசாமிய மொழியில "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்", "பின்னாடி வா", இந்த மூணுக்கும் சொல் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. 29சி அண்ணா, நீங்களும் வாங்க, உங்க பஸ்ஸுலேர்ந்து ராதாகிருஷ்ணன் சாலையில இறங்கி நேரா கடலைப் பார்த்து நடந்தா போதும். ரெண்டு பந்துதான் இருக்கு, யார்கிட்டயாவது பழைய பந்து இருந்தா எடுத்துட்டு வாங்க.